4558ஐக் கழற்றிவிட்டு எல்எம்308 போட்டால் டோன் கனமாகுமா?

கேள்வி, மார்ச் 2

"அண்ணே, கிட்டார் சத்தத்தக் கரகரப்பாக்கற என் டிஸ்டார்ஷன் பெடலத் திறந்து பாத்தேன். உள்ள 4558னு அச்சடிச்ச எட்டுக்கால் ஐசி ஒண்ணு இருக்கு. சத்தம் மூக்கடைச்சவன் பாடற மாதிரி இருக்கு, தடிக் கம்பியில கனமே இல்ல. அதக் கழட்டிட்டு ராட்ங்கற இன்னொரு டிஸ்டார்ஷன் பெடல்ல வர்ற எல்எம்308ஐப் போட்டா எல்லாம் சரியாயிடும்னு சொல்றாங்க. ரெண்டுக்கும் எட்டுக் கால்தானே, போட்டுடவா?"

மார்ச் 2, இரவு

போடாதீர்கள் தம்பி. எட்டுக் கால் என்பதோடு ஒற்றுமை முடிந்தது. 4558க்குள் இரண்டு ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சர்க்யூட்) இருக்கிறது, எல்எம்308க்குள் ஒன்றுதான். 4558க்கு பிளஸ் மின்சாரம் எட்டாவது காலில் வருகிறது, 308க்கு ஏழாவது காலில். அப்படியே மாற்றிச் செருகினால் 9 வோல்ட் போய் 308ஐ நிதானமாக வைத்திருப்பதற்கான காம்பன்சேஷன் காலில் ஏறும். டோன் மாறுவது இருக்கட்டும், சத்தமே வராது.

அது போக, மூக்கடைப்புக்குக் காரணம் ஐசி இல்லை. 4558 இருக்கும் பெடல்களில் பெரும்பாலானவை 1979ல் வந்த டியூப் ஸ்க்ரீமர் என்ற பெடலின் வழியில் வந்தவை. அந்த சர்க்யூட்டில் ஐசியின் இரண்டாவது காலிலிருந்து ஒரு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரும் ஒரு 47 நானோஃபாரட் கெப்பாசிட்டரும் வரிசையாக கிரவுண்டுக்கு (பூஜ்ய வோல்ட் புள்ளிக்கு) போகும். இந்த ஜோடிதான் எந்த ஸ்தாயிக்கு மேல் முழுப் பெருக்கம் என்று முடிவு செய்கிறது. கணக்குப் போட்டால் 720 ஹெர்ட்ஸ். கிட்டாரின் தடிக் கம்பி திறந்த நிலையில் 82 ஹெர்ட்ஸ். ஆக உங்கள் கீழ் நோட்டுகள் டிஸ்டார்ஷனை உண்டாக்கும் டயோடு வரை வரும்போதே மெலிந்துதான் வருகின்றன. நடு ஸ்தாயி மட்டும் புடைத்து நிற்பதால் மூக்கால் பாடுகிறது.

போர்டில் தேடுங்கள். ரெசிஸ்டரில் மஞ்சள், ஊதா, சிவப்பு என்று வளையம் இருக்கும். கெப்பாசிட்டர் மேல் 473 என்று இருக்கும், அதுதான் 47 நானோ. கெப்பாசிட்டர் மதிப்பை ஏற்றினால் அந்த 720 கீழே இறங்கும். ரெசிஸ்டரை ஏற்றினாலும் அதே வேலைதான்.

மார்ச் 2, இன்னும் கொஞ்ச நேரம் கழித்து

சொல்ல விட்டுப்போனது. பேட்டரியைக் கழற்றிவிட்டு போர்டின் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பு வயர் எங்கே, பச்சை வயர் எங்கே என்று ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஞாபகம் வராது.

மார்ச் 3

நேற்று எழுதியதில் ஒரு தவறு. "ரெசிஸ்டரை ஏற்றினாலும் அதே வேலைதான்" என்றது பாதிதான் சரி. 720 இறங்கும், உண்மை. ஆனால் அந்த 4.7 கிலோ ஓம்தான் பெருக்கத்தையும் நிர்ணயிக்கிறது. டிரைவ் குமிழை முழுக்க ஏற்றினால் மேலே 551 கிலோ ஓம் (500 கிலோ ஓம் குமிழும் அதோடு வரிசையில் 51 கிலோ ஓம் ரெசிஸ்டரும்), கீழே 4.7. பெருக்கம் ஏறக்குறைய 118 மடங்கு. 4.7ஐ 10 ஆக்கினால் 56 மடங்காக விழுந்துவிடும். டிஸ்டார்ஷன் பாதியாகிவிட்டதே என்று என்னைத்தான் திட்டுவீர்கள். ரெசிஸ்டரைத் தொட வேண்டாம், கெப்பாசிட்டரை மட்டும் பாருங்கள்.

மார்ச் 5

"சால்டரிங் அயன் புதுசா வாங்கியிருக்கேன், பயமா இருக்கு" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயம் நல்லது. எனக்கு அது இல்லாமல் போனதால் என்ன ஆனது என்று சொல்கிறேன்.

நான் முதலில் கை வைத்த பெடலில் மாற்ற வேண்டியது ஒரே ஒரு கெப்பாசிட்டர். அயனை வைத்தேன், ஈயம் இளகவில்லை. இன்னும் அழுத்தினேன். மறுபக்கம் இடுக்கியால் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தேன். திடீரென்று கையோடு வந்துவிட்டது. சந்தோஷப்பட்டுப் பார்த்தால், கெப்பாசிட்டர் காலில் ஒரு சின்னத் தாமிர வளையம் மோதிரம் மாதிரி மாட்டிக்கொண்டு வந்திருக்கிறது. போர்டில் அது இருந்த இடத்தில் வெறும் பழுப்புப் பலகை. பக்கத்தில் ஓடிய தாமிரக் கோடும் மயிரிழை போல் தூக்கிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்த நிமிஷம் வயிற்றைப் பிசைந்தது இன்றைக்கும் மறக்கவில்லை.

காரணம் பிறகுதான் புரிந்தது. இப்போது ஆலையிலிருந்து வரும் போர்டுகள் பெரும்பாலும் ஈயமில்லா சால்டரில் செய்தவை. அது இளகவே 217 டிகிரிக்கு மேல் வேண்டும். நாம் கையில் வைத்திருக்கும் 63-37 (வெள்ளீயம்-ஈயம்) வகை 183லேயே இளகும். அதனால் முதலில் நம்முடைய ஈயத்தைக் கொஞ்சம் அந்தப் பழைய முடிச்சின் மேல் ஊற்றுங்கள். இரண்டும் கலந்தால் சீக்கிரம் இளகும். அதன் பிறகு பம்ப் வைத்து உறிஞ்சுங்கள். மூன்று விநாடிக்கு மேல் அயனை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். வரவில்லையென்றால் விட்டுவிட்டு, ஆறவிட்டு, மறுபடி வாருங்கள். எந்த நிலையிலும் இழுக்காதீர்கள். இளகினால் தானே விழும்.

என் பெடலைக் காப்பாற்ற முடிந்தது. கெப்பாசிட்டர் காலிலிருந்து அந்தத் தாமிரக் கோடு போய்ச் சேரும் அடுத்த முடிச்சு வரை ஒரு மெல்லிய வயரை இழுத்து ஒட்டினேன். இன்றும் அப்படியே ஓடுகிறது.

மார்ச் 9

எல்எம்308 பற்றி நீங்கள் மறுபடி கேட்டதால் முழுக் கதையையும் எழுதுகிறேன். இது என் இன்னொரு பெடலில் நடந்தது. ராட் சர்க்யூட்டைப் பார்த்துச் செய்தது. உள்ளே ஓபி07 என்ற ஐசி, சாக்கெட்டில். அதுவும் ஒற்றை ஆப்-ஆம்ப்தான் என்பதால் 308க்கு முக்கியமான கால்கள் எல்லாம் பொருந்தும். 308 இப்போது தயாரிப்பில் இல்லை. எப்படியோ தேடி ஒன்று பிடித்து, ஒரு ராத்திரி ஆசை ஆசையாகச் செருகினேன்.

டிஸ்டார்ஷன் குமிழ் உச்சத்தில் இருக்கும்போது அருமையாக இருந்தது. குமிழைக் குறைத்துக்கொண்டே வந்தால் பாதிக்குக் கீழே சத்தம் கரகரத்து, தொண்டை கட்டிய மாதிரி பாதியாக விழுந்தது. ஏற்றினால் சரியாகிறது, குறைத்தால் கெடுகிறது. தலைகீழாக இருக்கிறதே என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்தது. வயரை மாற்றினேன், ஜாக்கை மாற்றினேன், வேறு பேட்டரி போட்டேன்.

308க்கு முதல் காலுக்கும் எட்டாவது காலுக்கும் நடுவே 30 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். அதுதான் அந்த ஐசியை நிதானமாக வைத்திருப்பது. ஓபி07க்கு அந்த வேலை உள்ளேயே முடிந்துவிடுவதால் என் போர்டில் அந்த இடம் காலி. நிதானம் இல்லாத ஆப்-ஆம்ப் குறைந்த பெருக்கத்தில்தான் காதுக்கு எட்டாத உயரத்தில் தானாக ஊளையிடும். பெருக்கம் கூடினால் அடங்கிவிடும். நான் கேட்டது அந்த ஊளையின் நிழலைத்தான்.

மார்ச் 10

30 பிக்கோவை சாக்கெட்டின் அடியில் ஒன்றுக்கும் எட்டுக்கும் நடுவே ஒட்டிவிட்டேன் என்று நேற்று எழுத மறந்தேன். கரகரப்பு உடனே நின்றது.

கனம் வந்ததா என்றால், இல்லை. ஓபி07க்கும் 308க்கும் எனக்கு வித்தியாசம் கேட்கவில்லை. கேட்கவும் நியாயமில்லை. 308ஐ எல்லோரும் கொண்டாடுவது அது மெதுவான ஐசி என்பதால். மைக்ரோ நொடிக்கு 0.3 வோல்ட்தான் அதால் ஏற முடியும். 8 வோல்ட் ஏறி முடிக்க 27 மைக்ரோ நொடி ஆகிவிடும், அதனால் கூர்முனைகள் மழுங்கும். ஆனால் ஓபி07ன் வேகமும் அதே 0.3தான். டோன் ஐசியில் இல்லை தம்பி.

மார்ச் 17

டயோடு பற்றி. "டயோடுதான் உயிர்" என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். நானும் பல மாதம் அப்படித்தான் இருந்தேன்.

ராட் மாதிரி சர்க்யூட்டில் டயோடுகள் ஐசிக்கு வெளியே, சிக்னலிலிருந்து கிரவுண்டுக்கு நிற்கும். சிக்னல் அதன் உயரத்தைத் தாண்டினால் தலையைச் சீவிவிடும். சிலிக்கான் டயோடு, அதாவது 1என்914 அல்லது 1என்4148, ஏறக்குறைய 0.6 வோல்ட்டில் சீவும். ஜெர்மேனியம் 0.3ல். சிவப்பு எல்இடி 1.7 பக்கத்தில். டர்போ ராட்டில் இருப்பது எல்இடி. எம்எக்ஸ்ஆர் டிஸ்டார்ஷன் பிளஸ்ஸில் ஜெர்மேனியம், ஏறக்குறைய அதே சர்க்யூட்டான டிஓடி 250ல் சிலிக்கான். ஆகவே டயோடு மாற்றுவது பெடலை உருவாக்கியவர்களே செய்த வேலைதான், அதில் சந்தேகமில்லை.

நான் டயோடு இருந்த இடத்தில் ஐசி சாக்கெட்டிலிருந்து வெட்டிய துண்டு ஒன்றை ஒட்டினேன். அதன் பிறகு சால்டர் இல்லாமலே செருகிச் செருகிப் பார்க்கலாம். எல்இடி போட்டதும் அடேயப்பா, பெடல் திறந்துகொண்டது! மூச்சு விடுகிறது, விரலின் அழுத்தம் தெரிகிறது. ஜெர்மேனியம் போட்டால் சவசவ என்று இருந்தது. அன்றே எல்இடி கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

பிறகு தங்கை ஒரு கேள்வி கேட்டாள். "அண்ணா, அது நல்லா இருக்கா, இல்ல சத்தமா இருக்கா?"

0.6லிருந்து 1.7 என்றால் ஏறக்குறைய 9 டெசிபல் கூடுதல் சத்தம். ஜெர்மேனியம் 6 டெசிபல் குறைவு. நான் டயோடைக் கேட்கவே இல்லை, வால்யூமைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் ஒவ்வொரு டயோடுக்கும் வால்யூம் குமிழை எங்கே வைத்தால் மீட்டரில் ஒரே அளவு காட்டுகிறது என்று பெடலின் மேல் பென்சிலால் குறித்துக்கொண்டேன். தங்கை முதுகுப்பக்கம் உட்கார்ந்து மாற்றி மாற்றிச் செருகினாள், நான் ஒரே நான்கு நோட்டுகளை வாசித்தேன். எல்இடியை மட்டும் ஓரளவு கண்டுபிடிக்க முடிந்தது, அதுவும் டிஸ்டார்ஷன் குறைவாக இருக்கும்போது. சிலிக்கானா ஜெர்மேனியமா என்பதில் பாதிக்குப் பாதி தப்பு.

உங்கள் பெடலில் டயோடு நிற்கும் இடமே வேறு. அது ஐசியின் வெளியீடு உள்ளீட்டுக்குத் திரும்பும் பின்னூட்டப் பாதைக்குள் இருக்கிறது. அங்கே தலையைச் சீவாது, வளைக்கும். அதனால் மாற்றம் இன்னும் மெல்லியதாகத்தான் இருக்கும். ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் இரண்டு என்று சமமில்லாமல் வைத்துப் பாருங்கள். 1981ல் வந்த பாஸ் எஸ்டி-1 பெடல் அப்படித்தான் செய்கிறது. அது கொஞ்சம் கேட்கும்.

மார்ச் 24

நம் தம்பி எழுதியது: "47 நானோவ எடுத்துட்டு 1 மைக்ரோ போட்டேன் அண்ணே. மூக்கடைப்பு போச்சு. ஆனா இப்ப சேத்துல நடக்கற மாதிரி இருக்கு. கார்டு வாசிச்சா ஒரே குழப்பம்."

1 மைக்ரோ என்றால் அந்த 720 நேராக 34 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிட்டது. கிட்டாரின் எல்லா நோட்டும் முழுப் பலத்தோடு டயோடுக்குள் நுழைகிறது. கீழ் நோட்டுதான் ஆற்றலில் பெரியது. அது முதலில் போய்த் தலையை முட்டிக்கொள்ளும். அது முட்டிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் மேல் நோட்டுகளுக்கு இடமில்லை. போதாததற்கு இரண்டு நோட்டு சேர்ந்து கிளிப் ஆகும்போது, அதாவது உச்சி வெட்டுப்படும்போது, அவற்றின் கூட்டலும் கழித்தலும் புது ஓசைகளாகப் பிறக்கும். அந்தக் கழித்தல் ஓசைகள் அடியில் போய்த் தேங்கும். நீங்கள் சேறு என்பது அதைத்தான். சரியான சொல்.

பழைய 473ஐ மறுபடி வையுங்கள். அதன் முதுகில் இன்னொரு 47 நானோவை, கால்களோடு கால்களாக, போர்டின் அடிப்பக்கம் ஒட்டிவிடுங்கள். பக்கவாட்டில் சேர்ந்தால் கெப்பாசிட்டர் கூடும். 94 நானோ, அதாவது 360 ஹெர்ட்ஸ். இதில் இன்னொரு வசதி, எதையும் பிடுங்க வேண்டியதில்லை. பிடிக்கவில்லையென்றால் ஒரு காலை நறுக்கினால் பெடல் பழையபடி ஆகிவிடும்.

இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். கெப்பாசிட்டரை ஏற்றுங்கள் என்றேனே தவிர எவ்வளவு என்று சொல்லவில்லை. அது என் பிழைதான்.

ஏப்ரல் 6

என்னிடமே நான் முரண்படுகிறேன், படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

கடந்த மாதம் என் ராட் வகைப் பெடலிலும் அடியைக் கனமாக்கினேன். அதில் இரண்டாவது காலிலிருந்து கிரவுண்டுக்கு இரண்டு பாதைகள். ஒன்றில் 560 ஓமும் 4.7 மைக்ரோவும், அது 60 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. மற்றதில் 47 ஓமும் 2.2 மைக்ரோவும், 1539 ஹெர்ட்ஸில். இந்த இரண்டாவது பாதைதான் மேல் ஸ்தாயியை வெறி பிடிக்க வைப்பது. அந்த 47 ஓமின் ஒரு காலை நறுக்கிவிட்டேன். உச்சப் பெருக்கம் 2300 மடங்கிலிருந்து 180 மடங்குக்கு இறங்கியது. சத்தம் உருண்டு திரண்டு, வீட்டில் தனியாக வாசிக்கும்போது அப்படி ஒரு சுகம். மூன்று வாரம் அதிலேயே மூழ்கியிருந்தேன்.

நேற்று குழுவோடு ஒத்திகை. டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேர்ந்ததும் நான் காணாமல் போய்விட்டேன். ஆம்ப் வால்யூமை ஏற்றினால் அறை முழுக்க உறுமல் கூடுகிறதே தவிர என் நோட்டு எதுவும் தெரியவில்லை. பேஸ் வாசிப்பவர், "நீ என் இடத்துல உக்காந்திருக்க" என்றார். பேஸ் கிட்டாரின் தடிக் கம்பி 41 ஹெர்ட்ஸ். அதன் இரட்டிப்பில் என் தடிக் கம்பி. நான் கனம் சேர்த்த இடம் முழுக்க அவருடையது.

யாரோ ஒருவருடைய ஓவர்டிரைவ் பெடல் அங்கே கிடந்தது. மாற்றம் எதுவும் செய்யாத, 720 ஹெர்ட்ஸ் உள்ளது. அதைப் போட்டு வாசித்தேன். வீட்டில் மூக்கால் பாடும் என்று நான் தள்ளி வைத்த அதே ஓசை. அந்தக் கூட்டத்துக்கு நடுவே ஒவ்வொரு நோட்டும் தெளிவாக எழுந்து வந்தது. 720ஐ வைத்தவர்கள் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள் என்று வண்டியில் திரும்பி வரும்போது தோன்றிக்கொண்டே இருந்தது.

அதனால் தம்பி, நீங்கள் தனியாக வாசிப்பவரா, குழுவோடு வாசிப்பவரா? அதை நான் முதல் நாள் கேட்டிருக்க வேண்டும்.

ஏப்ரல் 7

"ரெண்டும்தான்" என்கிறார். அப்படியானால் ஸ்விட்ச் வைத்துவிடுங்கள். முதுகில் ஏற்றிய இரண்டாவது 47 நானோவின் ஒரு காலை மட்டும் தூக்கி, ஒரு சின்ன டாகிள் ஸ்விட்ச் வழியாகச் சேர்க்க வேண்டும். தனியாக இருக்கும்போது 94, கூட்டத்தில் 47.

ஒன்று கவனியுங்கள். ஐசியின் இரண்டாவது கால் எப்போதும் 4.5 வோல்ட்டில் நிற்கிறது. காலியாக இருக்கும் கெப்பாசிட்டரைத் திடீரென்று சேர்த்தால் அது ஒரே மடக்கில் நிரம்பும், ஸ்பீக்கரில் டப் என்று இடி விழும். ஸ்விட்சின் இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு 1 மெகா ஓம் ரெசிஸ்டரை ஒட்டிவிட்டால், ஸ்விட்ச் திறந்திருந்தாலும் கெப்பாசிட்டர் மெல்ல நிரம்பியே இருக்கும். சத்தம் வராது. 1 மெகா ஓம் வழியாகக் கசிவது டோனில் தெரியாது.

என் ராட்டில் ஸ்விட்ச் போடவில்லை. 47 ஓமோடு வரிசையாக 1 கிலோ ஓம் குமிழ் ஒன்றைச் சேர்த்தேன். ஒரு கோடியில் பழைய வெறி, மறு கோடியில் உருண்டை, நடுவில் நிறைய ஊர்கள்.

ஏப்ரல் 19

"18 வோல்ட் குடுத்தா இன்னும் நல்லா இருக்குமாமே?"

திறப்பதற்கு முன் கொடுக்கவே வேண்டாம். உள்ளே எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களின் உடம்பில் எழுதியிருப்பதைப் படியுங்கள். 16 வோல்ட் என்றிருந்தால் 18ல் அது வீங்கக்கூடும். சில பெடல்களில் மின்னழுத்தம் மாற்றும் மேக்ஸ்1044 மாதிரி ஐசி இருக்கும், அதன் வரம்பு 10 வோல்ட்தான். உங்கள் பெடலில் டயோடு 0.6லேயே வளைத்துவிடுகிறது. ஐசிக்கு மேலே எவ்வளவு இடம் கொடுத்தாலும் அது அந்தக் கூரையைத் தாண்டப் போவதில்லை. எல்இடி வைத்த சர்க்யூட்டிலும் அதே கதை. அடாப்டர் மாற்றுவதாக இருந்தால் அதன் நடு முனை மைனஸா என்று பாருங்கள், இந்த வகைப் பெடல்களில் வழக்கம் அதுதான்.

மே 3

"ஸ்விட்ச் போட்டாச்சு. போர்ட வெளிய வச்சு வாசிச்சா ரெண்டு பக்கமும் அருமையா இருக்கு. பெட்டிக்குள்ள வச்சு மூடினா ஊமை. திறந்தா பாடுது. மூடினா ஊமை."

இது எனக்கும் நடந்திருக்கிறது. மூடும்போது எதுவோ பெட்டியின் உலோகத்தைத் தொடுகிறது. பெட்டி கிரவுண்ட். சிக்னல் போகும் எந்த முடிச்சு தொட்டாலும் அத்தனையும் அங்கேயே வடிந்துவிடும். புது ஸ்விட்சின் கால்களை முதலில் பாருங்கள். பிறகு அடிப்பக்கம் நறுக்காமல் விட்ட கெப்பாசிட்டர் கால்களை.

அதில் தெரியவில்லையென்றால் ஒரு பழைய கிட்டார் கேபிளை எடுத்து, நடு வயரில் ஒரு 100 நானோ கெப்பாசிட்டரை ஒட்டி, அதன் மறுகாலை முள்ளாக வைத்துக்கொள்ளுங்கள். கேபிளின் வெளிப்பின்னலைப் பெடலின் கிரவுண்டில் கவ்வுங்கள். மறுமுனை ஆம்ப்பில். ஆம்ப் வால்யூம் மிகக் குறைவாக இருக்கட்டும். கிட்டாரை யாராவது தட்டிக்கொண்டே இருக்க, உள்நுழையும் ஜாக்கிலிருந்து ஒவ்வொரு முடிச்சாகத் தொட்டு வாருங்கள். எந்த முடிச்சு வரை கேட்கிறது, எதில் நின்றுவிடுகிறது என்று காதே காட்டிக்கொடுக்கும்.

மே 4

கிடைத்துவிட்டது என்கிறார்! ஸ்விட்ச் இல்லை. முதுகில் ஏற்றிய கெப்பாசிட்டருக்காக அடியில் போட்ட ஈயம் கூம்பாக எழுந்து நின்றிருக்கிறது. மூடியைத் திருகும்போது அதன் நுனி மூடியைத் தொட்டிருக்கிறது. மூடியின் உட்புறம் பெயின்டில் ஒரு புள்ளி அளவு பளபளவென்று தேய்ந்திருந்ததைப் போட்டோ எடுத்து அனுப்பினார். கூம்பை நறுக்கிவிட்டு, மூடிக்கு உள்ளே ஒரு பிளாஸ்டிக் அட்டையை வெட்டி வைத்திருக்கிறார். அந்த ஒரு புள்ளியைக் கண்டுபிடித்தாரே, அதில் எனக்கு அத்தனை மகிழ்ச்சி.

மே 21

மார்ச் 10ல் "டோன் ஐசியில் இல்லை" என்று அடித்துச் சொன்னதை ஒரு பங்கு திரும்பப் பெறுகிறேன்.

ராட் சாக்கெட்டில் இந்த முறை டிஎல்071 செருகினேன். அதுவும் ஒற்றை ஆப்-ஆம்ப், கால்கள் பொருந்தும். வேகம் மைக்ரோ நொடிக்கு 13 வோல்ட். 308க்கு 27 மைக்ரோ நொடி பிடிக்கும் ஏற்றத்தை இது ஒரு மைக்ரோ நொடிக்குள் முடித்துவிடும். டயோடு சோதனையில் பாடம் கற்றுக்கொண்டதால், நேரடியாக வாசிக்கவில்லை. பெடல் இல்லாமல் ஒரு பகுதியைப் பதிவு செய்து, அந்த ஒரே பதிவை மூன்று ஐசிகள் வழியாகவும் அனுப்பி, சத்தத்தைச் சமன் செய்து, தங்கையிடம் கொடுத்துப் பெயரை மறைத்துக் கலைக்கச் சொன்னேன்.

308ம் ஓபி07ம் எப்போதும் போல ஒன்றாகவே கேட்டன. டிஎல்071ஐ குமிழ் முக்காலுக்கு மேல் இருந்த ஒவ்வொரு முறையும் கண்டுபிடித்துவிட்டேன். மேலே ஒரு மணல் இறைத்த மாதிரி கூர்மை. முக்காலுக்குக் கீழே இறக்கினால் தெரியவில்லை. 2300 மடங்கு கேட்கும்போது மெதுவான ஐசியால் மேல் ஸ்தாயியில் அவ்வளவு கொடுக்க முடிவதில்லை, அதுவே ஒரு ஃபில்டராக ஆகிவிடுகிறது. வேகமான ஐசி கேட்டதையெல்லாம் கொடுத்துவிடுகிறது. ஆகவே ராட்டை உச்சத்தில் வைத்து வாசிப்பவர்கள் மெதுவான ஐசிதான் வேண்டும் என்றால் அவர்கள் காதில் கேட்பது உண்மைதான். 308தான் வேண்டும் என்று அலைவதற்கு மட்டும் எனக்கு இன்னும் காரணம் கிடைக்கவில்லை. 118 மடங்கே உள்ள உங்கள் பெடலில் இந்தக் கேள்விக்கு இடமில்லை.

மே 23

"94 நானோ தனியா வாசிக்கறப்ப நல்லா இருக்கு அண்ணே, ஆனா உள்ளங்கையால கம்பிய அமுக்கி வேகமா பாம் மியூட் அடிச்சா கொஞ்சம் வழியுது. 47 போட்டா இறுகுது, ஆனா மறுபடி மூக்கு. நடுவுல ஒண்ணு இல்லியா?"

நேற்று ராத்திரி, சால்டர் இல்லாமல் செருகிப் பார்க்கும் பிரெட்போர்டில் உங்கள் சர்க்யூட்டையே கட்டி, 47ன் பக்கத்தில் 22 நானோவைச் செருகினேன். 69 நானோ, 491 ஹெர்ட்ஸ். பாம் மியூட் அடித்தால் ஒவ்வொரு அடியும் தனியாக விழுகிறது. மேலே லீட் வாசிக்கும்போது மூக்கு கொஞ்சம் இருக்கிறது, ஆனால் முகம் சுளிக்கிற அளவுக்கு இல்லை. 223 என்று எழுதியிருக்கும் கெப்பாசிட்டர்தான் 22 நானோ. ஸ்விட்சில் இருக்கும் 473ஐ எடுத்துவிட்டு அதை ஒட்டிப் பாருங்கள். இந்த முறை ஈயத்தைக் கூம்பாக விடாதீர்கள். ஒத்திகைக்கு இதே மதிப்பை ஒரு பெட்டியில் கட்டி எடுத்துப் போகிறேன், சனிக்கிழமை ராத்திரி எழுதுகிறேன்.